அய்யாவு நுகத்தடி பூட்டிய ஆகாயக் கப்பல்

பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டிய அய்யாவிடம் ஒரு குறையும் கிடையாது. இதை அவனே சொல்லுவான். குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான், மாட்டை அடிக்கமாட்டான். தப்பு என்பதைச் செய்யவே மாட்டான். அதாவது, செய்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். இரண்டும் ஒன்றுதானே என்பது அவன் கட்சி.

ஒரு மழைக்காலத்தில் பால் தகரங்களோடு வண்டி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து சீவிச் சேர்த்த ரப்பர் பால் அத்தனையும் கான் தண்ணீரில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்கிறது. இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு அய்யாவு, “நேத்து வரைக்கும் இந்தக் கான் இங்க இல்லியே! எவன்டா வெட்டினது?” என்று கத்தினான். அந்தக் கானுக்கு அவனைவிட வயது அதிகம்.

“தாலி கட்டையிலேயே முடிச்சு நழுவுச்சு. கயிறு சரியில்லன்னு சொன்ன மனுசன் இவரு” என்பாள் அவன் பெண்சாதி செல்லம். அவள் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரி. ஒடிசலான உடம்பு, ஒடியாத வாய்.

தோட்டத்துக்கு லோரி வந்ததும் அவனுடைய மாடுகள் மயிலையையும் செவலையையும் சாஆ என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டக்காரனுக்கு விற்றுவிட்டார்கள். அன்றைக்கு அய்யாவு யாரையும் திட்டவில்லை, யாரிடமும் வாதாடவில்லை. வெறும் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். பிறகு அவனை லோரி செட்டில் கூட்டவும் கழுவவும் போட்டார்கள். வண்டி ஓட்டியவன் வண்டி கழுவுகிறான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், முப்பத்தைந்தாம் வருஷம், பாலோ ஸ்டேசனில் சில நீளமான பெட்டிகள் வந்து இறங்கின. தோட்டத்து வெள்ளைக்கார உதவி மேனேஜர், சின்ன துரை, சீமையிலிருந்து வரவழைத்தது. பலகை, கம்பி, துணி, பசை, சின்னதாக ஓர் எஞ்சின், கூடவே ஒரு படக்கட்டு. படத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொண்டால் ஒரு ஆள் ஏறிப் பறக்கிற ஆகாயக் கப்பல் ஆகிவிடுமாம். பெட்டி வந்த வாரமே சின்ன துரைக்குக் காய்ச்சல் கண்டு, அவர் சீமைக்கே கப்பல் ஏறிவிட்டார். பெட்டிகளை ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி கதிரேசு, “நான் எடுக்கட்டோ?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கதிரேசு யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் ஆகவில்லை. அய்யாவுக்கு நேர் எதிரான குணமுள்ள மனுஷர். யார் இடித்தாலும் மன்னிப்புக் கேட்பவர் அவர்தான். மழை பெய்தால்கூட, தான் துணி துவைத்ததால்தான் பெய்ததோ என்று யோசிப்பார். அப்படிப்பட்டவருக்குப் பறக்கவேண்டும் என்று ஓர் ஆசை! எங்கிருந்து வந்ததோ, அவருக்கே தெரியாது.

லோரி செட்டின் ஒரு மூலையில் வேலை தொடங்கியது. கிராணி படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அய்யாவு பூட்டினான். பசை காய்வதற்கு றெக்கைகளைப் புகைக்கூட்டில், காயப்போட்ட ரப்பர் தகடுகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். றெக்கை ஆகாயக் கப்பலுக்கு உரிய வெள்ளையை விட்டு, கருவாட்டுக்கு உரிய நிறத்துக்கு வந்தது. துணி போர்த்தித் தைத்தது செல்லம். பால்வெட்டு முடிந்து வந்து, கோணி ஊசியை வைத்துக்கொண்டு, தலையணைக்கு உறை தைக்கிற லாவகத்தில் தைத்துத் தள்ளினாள்.

அய்யாவு மறுபடி மனுஷனானான். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து, அந்த மரக்கூட்டைத் தட்டிக்கொடுப்பான். ஒரு தரம் செல்லம் பார்த்துவிட்டாள். “புல்லு போடலியா அதுக்கு?” என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாளும் தட்டிக்கொடுத்தான்.

பெரிய துரைக்கு இது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. மழைக்கு முன் செட் காலியாக வேண்டும் என்றார். கிராணி கெஞ்சிக் கேட்டதில் ஒரு தவணை கொடுத்தார். மாதக் கடைசி ஞாயிறு காலையில் அந்தச் சாமான், பந்து விளையாடும் பாடாங்கில் இந்தப் பந்துக்கம்பத்திலிருந்து அந்தப் பந்துக்கம்பம் வரை தானாக ஓடி, திரும்பிக் கிளம்பின இடத்துக்கே வரவேண்டும். வந்தால் செட்டில் இருக்கலாம். வராவிட்டால் புகைக்கூட்டுக்கு விறகு. அய்யாவுக்கும் அதோடு செட் வேலை முடிந்தது, புல்வெட்டுக் கும்பலுக்குப் போகவேண்டியதுதான். இன்னொரு மாட்டையும் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்களே என்றிருந்தது அய்யாவுக்கு.

இப்போது தப்பு நடந்த கதைக்கு வருவோம்.

கூலாய் ஊரில் ஒரு சாவு என்று கிராணி இரண்டு நாள் போய்விட்டார். மிச்சம் இருந்தது சுக்கான் கம்பி. வாலில் நிற்கும் பலகைதான் சுக்கான், அது ஆடுகிற பக்கம் கப்பல் திரும்பும். ஓட்டுகிறவரின் காலடியில் குறுக்காக ஒரு கட்டை, நடுவில் ஆணி. கட்டையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கம்பி பின்னால் வாலுக்குப் போகும். படத்தில் இடதுக்கு இடது, வலதுக்கு வலது என்று கம்பிகள் நேராகப் போயின.

அய்யாவு படத்தைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். பார்த்த கணத்திலேயே அவனுக்கு அது என்னவென்று தெரிந்துபோயிற்று. குறுக்குக் கட்டை, நடுவில் ஆணி, இரண்டு பக்கம் இரண்டு முனை. நுகத்தடி! இதைக்கூடவா கிராணி சொல்லித் தரவேண்டும்?

நுகத்தடி என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலத்து மாடு எட்டிப்போட வேண்டும், இடத்து மாடு நின்று கொடுக்க வேண்டும். அதாவது கட்டையின் வலது முனை முன்னால் போகும். படத்தில் உள்ளபடி பூட்டினாலோ, வலது முனை முன்னால் போனால் கப்பல் வலப்பக்கமே திரும்புகிறது. எந்த ஊர் மாடு அப்படித் திரும்பும்?

“வெள்ளக்காரன் மாடு பூட்டிப் பாத்திருக்க மாட்டான். பாவம்” என்று இரக்கப்பட்டு, இரண்டு கம்பியையும் இருக்கைக்கு அடியில் குறுக்காகப் போட்டு, இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் இழுத்துப் பூட்டினான். மேலே அடிப்பலகையை வைத்து ஆணியடித்து மூடியும் விட்டான்.

திரும்பி வந்த கிராணி, “படத்தில இருக்கிற மாதிரியே பூட்டினனீரோ?” என்று கேட்டார்.

“அதைவிட நல்லாவே பூட்டிருக்கேன் ஐயா.”

கிராணி மகிழ்ந்துபோனார். குனிந்து பார்த்தால் அய்யாவு மனம் நோகுமோ என்று பார்க்காமலே விட்டார்.

தவணைக்கு முந்தின ஞாயிறு ஓட்டிப் பார்த்தார்கள். லோரிக்காரன் விசிறியைச் சுற்றிவிட்டான். அய்யாவு வாலைப் பிடித்துக்கொண்டான். கிராணி கையைத் தூக்கியதும் விட்டான். கப்பல் உறுமிக்கொண்டு புல்லில் ஓடியது, பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கலாம் என்று கிராணி இடக்காலை அமுக்கினார். கப்பல் வலப்பக்கம் போயிற்று. பதறிப்போய் இன்னும் அழுத்தி அமுக்கினார். கப்பல் இன்னும் வலப்பக்கம் போய், பாடாங்கைத் தாண்டி, லயத்து வீட்டுக்காரர்களின் வாழைக்கூட்டத்துக்குள் புகுந்து நின்றது. வேடிக்கை பார்த்தவர்கள், “அலமாக்!” என்று தலையில் கைவைத்தார்கள். இலைகளுக்கு நடுவிலிருந்து கிராணியின் குரல் மட்டும் வந்தது: “மன்னிச்சுக் கொள்ளுங்கோ! என்ர கால்தான் பிழை!”

“நான் ஓட்டிக் காட்றேன் பாருங்க” என்று அய்யாவு ஏறினான். ஏறிய மாத்திரத்தில் கால் தானாக வேலை செய்தது. வலக்காலை நீட்டினான், இடப்பக்கம் திரும்பியது. இடக்காலை நீட்டினான், வலப்பக்கம் திரும்பியது. அந்தக் கம்பம் வரை போய், வட்டமடித்து, புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். லயமே கைதட்டியது. மயிலையும் செவலையும் கைக்கு வந்துவிட்டதாகவே இருந்தது அவனுக்கு. கண்ணில் தண்ணீர் வந்ததை எண்ணெய்ப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

“உங்க காலுக்கு இது ஒத்துவரலன்னா விட்டுருங்க ஐயா. ஞாயித்துக்கிழம நான் இருக்கேன்லா” என்றான், ரொம்பப் பெரிய மனசோடு.

கிராணி முகம் வாடிவிட்டது.  அந்த வாரம் முழுக்க ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை பகலில் செல்லம், வாழையில் கிழிந்த றெக்கையைத் தைக்க வந்தாள். உள்பக்கம் முடிச்சுப் போட இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் தற்செயலாகக் கட்டையை அமுக்கியது. அவள் தலையைத் திருப்பி வாலைப் பார்த்தாள். இன்னொரு காலை அமுக்கினாள். மறுபடி பார்த்தாள்.

“ஏங்க, நான் இடக்காலை வச்சா வாலு வலப்பக்கமா ஆடுது?”

“அப்படித்தான் ஆடணும்” என்று அய்யாவு நுகத்தடி நியாயத்தை விளக்கினான். வலத்து மாடு எட்டிப்போடுவதை நடந்தே காட்டினான். செல்லம் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“எல்லாஞ் சரி. மாடு எங்க இருக்கு இதுல?”

அய்யாவு கப்பலுக்கு முன்னால் போய், மாடு நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்தான்.

“மாட்டைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிற மனுசன் கிராணி ஐயா. போவேண்டிய பக்கத்துக் காலைத்தானே அவரு வைப்பாரு? இந்தா, படத்துலகூட கோடு நேராப் போவுது. நீங்க பெருக்கல் குறி போட்டு வச்சிருக்கீங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “வாழையா இருந்ததால பொழச்சாரு. இதையே மேல ஏறினப்புறம் செஞ்சிருந்தார்னா?”

அதை அவன் யோசித்துப் பார்த்தான். இடம் என்று நினைத்து வலத்தில் சாய்ந்து, ரப்பர் மரங்களுக்கு மேலே கிராணி தடுமாறுகிற காட்சி கண்ணுக்குள் வந்தது. கீழே விழுகிற கணத்திலும் அந்த மனுஷர், என்ர கால்தான் பிழை என்றுதான் கத்துவார். 

அய்யாவு சுத்தியலை எடுத்தான். அடித்த ஆணிகள் இறுகிப்போய் வரமாட்டேன் என்றன. பலகை ஒன்று பிளந்தது. ரப்பர் அனுப்புகிற பெட்டியிலிருந்து வேறொன்றை வெட்டிச் சேர்த்தான். குறுக்குக் கம்பிகளைக் கழற்றி நேராகப் போட்டதும் அவை தொளதொளத்தன, முடுக்கி முடுக்கிச் சரிசெய்தான். செல்லத்தை உட்காரவைத்து அமுக்கச் சொன்னான். இடக்காலுக்கு இடம், வலக்காலுக்கு வலம். சரியாகிவிட்டது. பிறகு அவனே உட்கார்ந்து பார்த்தான். அவன் கால் நுகத்தடியைத்தான் தேடியது. இனி இது தனக்கு அடங்காது என்று தெரிந்தது. இறங்கி, அதன் மூக்கை ஒரு தரம் தட்டிக்கொடுத்தான்.

“ஐயாகிட்ட சொல்லிருங்க” என்றாள் செல்லம்.

“எதுக்கு? சரியாயிருச்சுல்ல. அவரு பாட்டுக்கு அவரு காலை வைப்பாரு, அது பாட்டுக்குப் போவும். நீ வாயை மூடிக்கிட்டு இரு.”

“ம்” என்றாள். அந்த ‘ம்’மில் தாலிக் கயிறு முதற்கொண்டு எல்லாம் இருந்தது.

ஞாயிறு காலை. தோட்டமே பாடாங்கில் கூடிவிட்டது. பெரிய துரை குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி ஏறி உட்கார்ந்ததும், அய்யாவைக் கிட்டக் கூப்பிட்டு, கல்யாண மாப்பிள்ளைக்குரிய வெட்கத்தோடு காதில் சொன்னார்.

“ஒரு கிழமையா வீட்டில கதிரையில குந்தி, காலடியில பலகை வச்சுப் பழகினனான். இப்ப என்ர கால் திருந்திட்டுது. இடப்பக்கம் போறதெண்டால் வலக்கால், வலப்பக்கம் எண்டால் இடக்கால். உம்மைப் போலவே! நித்திரையிலகூட அப்பிடித்தான் உதைக்கிறன்.”

 “ஐயா, ஐயா, அது வந்து...” என்று அய்யாவு ஆரம்பிப்பதற்குள் லோரிக்காரன் விசிறியைச் சுற்றிவிட்டான். எஞ்சின் பிடித்துக்கொண்டு அலறியது. அய்யாவு வாலைப் பிடிக்க ஓடினான்.

கிராணி கையைத் தூக்கினார். அய்யாவு வாலை விடவில்லை.

கிராணி திரும்பிப் பார்த்து மறுபடி கையைத் தூக்கினார். எஞ்சினை முடுக்கினார். கப்பல் திமிறியது. அய்யாவு வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குதிகாலைப் புல்லில் ஊன்றி, “நிப்பாட்டுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒருவர் காதிலும் விழவில்லை. சனம் சிரித்தது. விட்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கம் சனம், அந்தப் பக்கம் துரையின் குடை. விடாவிட்டால், வெளியில் சொல்லியாக வேண்டும். இத்தனை பேர் முன்னால். அய்யாவுக்கு உயிர் போகிற வேதனையாக இருந்தது. வாலை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, இன்னும் உரக்கக் கத்தினான். அந்த நேரம் பார்த்து, ஏதோ கோளாறு என்று கிராணி எஞ்சினை அணைத்துவிட்டார்.

“நான்தான் தப்பாப் பூட்டினேன்!”

அமைதியான பாடாங்கில் அது கடைசி லயம் வரைக்கும் கேட்டது.  அய்யாவு சொன்னானா? யார், நம் அய்யாவா?

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவன் கொட்டித் தீர்த்தான். “கம்பியைக் குறுக்காப் போட்டது நான். படத்துல நேராத்தான் இருந்துச்சு. நேத்து மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல. வாழையில மோதினது உங்க கால் இல்ல ஐயா. நான்தான்.”

கிராணி மெல்ல எழுந்து நின்றார். அறையப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 

“அப்ப... என்ர கால் பிழையில்லையோ?”

“இல்லீங்க ஐயா.”

“முதல் நாளே சரியாத்தான் வச்சனானோ?”

“ரொம்பச் சரியா வச்சீங்க.”

கதிரேசு கிராணி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. பிறந்ததிலிருந்து சுமந்துவந்த ஏதோ ஒரு குற்றத்திலிருந்து விடுதலை ஆனவராக, “என்ர கால் பிழையில்லையாம்!” என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார். சனமும் என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டியது.

சந்தோஷமெல்லாம் சரி, ஓட்டுவது யார்? கிராணி உட்கார்ந்து, “இடம்” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். வலக்கால் போயிற்று. “வலம்” என்றார். இரண்டு காலும் போயின. ஒரு வாரப் பழக்கம் விடுமா? “எனக்கு ஏலாது. கால் இப்ப எனக்குச் சொந்தமில்லை” என்று இறங்கிவிட்டார். அய்யாவு ஏறினான். அவன் காலோ செத்தாலும் நுகத்தடியை விடாது. அவனும் இறங்கிவிட்டான். துரை கடிகாரத்தை மூடிவிட்டு எழுந்தார். புகைக்கூட்டு ஆள் ஒருவன் பலகையை அளவெடுக்கிற பார்வை பார்த்தான். அய்யாவு கப்பலின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

“தள்ளுங்க” என்றது ஒரு குரல். செல்லம் சேலையை முழங்காலுக்குமேல் இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். “மாடும் ஓட்டினதில்ல, கதவைச் சாத்திக்கிட்டுப் பழகினதும் இல்ல. இடக்காலுக்கு இடம், வலக்காலுக்கு வலம். இதுல என்னங்க இருக்கு?”

யாரும் தடுப்பதற்குள் ஏறிவிட்டாள். பெட்ரோல் பிடியைக் காட்டிக் கொடுத்தார் கிராணி. விசிறி சுற்றியது. அய்யாவு வாலைப் பிடித்தான். அவள் கையைத் தூக்கினாள், விட்டான்.

கப்பல் கோணாமல் ஓடியது. அந்தப் பந்துக்கம்பத்தருகே நின்று யோசித்து, வெகு மரியாதையாகத் திரும்பியது. வருகிற வழியில் செல்லத்துக்குத் துணிச்சல் முற்றிவிட்டது. பிடியைக் கொஞ்சம் அதிகமாகவே திருகினாள். பாடாங் நடுவில் சக்கரம் புல்லைவிட்டுக் கிளம்பியது. ஒரு சாண் உயரம்தான், ஒரு மூச்சு நேரம்தான். ஆனாலும் அது பறத்தல்தான், சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்ததே! சனம் ஓவென்று கத்தியது. அய்யாவு கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினான், வேட்டி அவிழ்ந்ததைக்கூடப் பார்க்காமல். புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து அவள் நிறுத்தினாள். துரை தலையை ஆட்டிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் போனார். செட் தப்பித்தது, கப்பல் தப்பித்தது.

சனம் கலைந்ததும் கிராணி அய்யாவின் தோளைத் தொட்டார். “உமக்கு ஓட்ட ஆசையெண்டால் சொல்லும். உம்மட காலுக்கு ஏத்தபடி கம்பியைக் குறுக்காலையே பூட்டுவம். நான் பார்த்துக்கொள்ளுறன்.”

அய்யாவு கப்பலைப் பார்த்தான். அந்தப் பேச்சு அவனை எவ்வளவு இழுத்தது என்று சொல்லி முடியாது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

“வேணாங்க ஐயா. இது மாடு இல்ல. இது பாட்டுக்கு நேராவே இருக்கட்டும், நான் கத்துக்கிறேன்.”

செல்லம் இன்னும் இறங்கவில்லை. இறங்குகிற எண்ணமும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அய்யாவு இருக்கை ஓரமாகப் போய் நின்றான்.  அந்த ஆள் கல்யாணமான நாளிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

“செல்லம், எந்தக் காலை முதல்ல வைக்கணும்? எனக்கும் சொல்லிக் குடு.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் பண்ண வந்த வாயை மூடிக்கொண்டாள். நகர்ந்து, அந்த ஒற்றை இருக்கையில் பாதி இடம் விட்டாள். அவன் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“இடப்பக்கம்” என்றாள்.

அவன் வலக்காலை நீட்டினான்.

“அது இல்லங்க” என்று அவன் இடது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். “இது.”